தோம்பும் உறுதியும் குடிவழியும்

யாழ்ப்பாணத்திலே கலியாணப் பேச்சு நிகழுமிடத்துக் குடிவழி பேசாத வீடு இல்லை. இன்னாருடைய பூட்டனார் இன்ன ஊருக்கு உடையாராக இருந்தார், இன்னாருடைய பேத்தியார் இன்ன ஊர்க் காணியைச் சீதனமாகக் கொண்டு வந்தார் என்று வயது முதிர்ந்தோர் ஏடு பாராமலே சொல்லிச் செல்வர், கேட்போர் தலையசைப்பர். ஆயினும் அவர் சொல்வதை ஒரு தாளிலே குறித்துக்கொண்டு தலைமுறைகளை எண்ணிப் பார்ப்போமாயின், பெரும்பாலும் நான்காம் தலைமுறையோடு பெயர்கள் நின்றுவிடக் காண்போம். அதற்கு அப்பால் ஒரே பாய்ச்சலாகச் சோழநாட்டுக்கோ தொண்டைநாட்டுக்கோ போய்விடுவர். இடையிலே கிடக்கும் சில நூற்றாண்டுகளுக்கு ஆள் இல்லை.

இப்பாய்ச்சலுக்குச் சான்றாகக் காட்டப்படுவன கைலாயமாலையும் யாழ்ப்பாண வைபவமாலையும் ஆம். வைபவமாலையை மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் ஆட்சியிலே, அவ்வாட்சியைச் சேர்ந்த தலைவர் ஒருவரின் வேண்டுகோட்படி எழுதினார். பாண்டிமழவன் முதலிய தலைவர்கள் தமிழகத்திலிருந்து வந்து ஊர்தோறும் குடியேறிய கதையை அந்நூல் கூறுகின்றது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் அதன் கூற்றுகள் பலவற்றை ஐயுற்று ஆராய்ந்தார். அவ்வாதத்துள் நாம் இங்கே புகவேண்டுவதில்லை. தலைவர்கள் வந்தது மெய்யென்றே கொள்வோம். அத்தலைவருக்கும் இன்று தம்மை அவர் வழியினர் என்பாருக்கும் இடையே பெயர் பெயராகக் கோத்துக் காட்டும் ஏடு உண்டா என்பதே நம் வினா.

ஏடு உண்டு. ஆனால் அது பறங்கியர் காலத்தையொட்டியே தொடங்குகின்றது. அன்றியும், நம் முன்னோரின் பெருமையைக் காக்கும் நோக்கோடு எழுதப்பட்ட ஏடு அதுவன்று. வரி தண்டியோரும், ஞானஸ்நானங் கொடுத்தோரும், மகளுக்குக் காணி கொடுத்தோரும் தத்தம் தேவைக்காக எழுதி வைத்தவையே நமக்குக் கிடைப்பன. அவற்றை எழுதினோர் நாம் கேட்க விரும்பாதவற்றையும் எழுதியே வைத்திருக்கின்றனர்.

கோயிற் பதிவேட்டையும் மரணசாதனத்தையும் கொண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கட்டும் முறை மேல்நாட்டாரிடம் நன்கு வளர்ந்தது. இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தோமஸ் குறொம்வெல், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டிற் பதியவேண்டுமென 1538 இல் ஆணை பிறப்பித்தார். நம் மாணவர் அனைவரும் அறிந்த சேக்ஸ்பியரின் குடும்பமே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவர் பிறந்த நாளை எந்த ஏடும் சொல்லவில்லை. 1564 ஏப்பிரில் 26 ஆம் நாள் ஸ்ராற்போட் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதே பதிவு. இன்று காணப்படும் அப்பக்கமும் மூல ஏடன்று. பழைய ஏட்டைப் பார்த்துப் பின்னர்த் தோற்றாளிற் பெயர்த்தெழுதிய படியேயாம். அவருடைய தாயார் மேரியைப் பற்றி அறிவதற்குத் துணை செய்வது, தாய்வழிப் பாட்டனாராகிய றொபேட் ஆடன் 1556 இல் எழுதிய மரணசாதனம். இளைய மகளாகிய மேரிக்கு வில்ம்கோற்றிலுள்ள நிலத்தை அவர் அதில் எழுதிக் கொடுத்தார். மனைவியாரின் தகப்பனார் என்று கொள்ளப்படும் றிச்சட் ஹதவேயின் 1581 ஆம் ஆண்டு மரணசாதனத்திலோ ஆன் என்னும் மகளே இல்லை; ஆக்னெஸ் என்றே இருக்கின்றது. அக்காலத்தில் இவ்விரு பெயரும் ஒருவருக்கே மாறி வழங்கியமையை அறிந்தவரே இருவரும் ஒருவர் என்று துணிவர். ஏடு பெயரைத் தரும். ஆளைத் தருவது ஆராய்வோன் கடன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1563 இல் திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கம், ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்து வைத்தல் குருமார் கடமையென விதித்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பறங்கியர் அவ்வழக்கத்தோடு வந்தனர். ஊர்களைக் கோயிற்பற்றுகளாக வகுத்தனர். 1658 இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் சமயத்தில் வேறுபட்டோராயினும் இப்பிரிவை மாற்றினாரல்லர். வலிகாமத்தில் மாத்திரம் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர் எனப் பதினான்கு கோயில்களைப் பால்தேயஸ் பாதிரியார் தம் நூலிலே விவரிக்கின்றார். சைவ வீடுகளிலுள்ள காணி உறுதிகளும் 'இன்ன கோயிற்பற்று' என்றே காணி கிடக்கும் இடத்தைக் குறித்தன. அக்கோயில் கந்தசுவாமி கோயிலோ பிள்ளையார் கோயிலோ அன்று, பறங்கியர் கட்டிய தேவாலயமே என்பதை உறுதியை வாசிப்போர் நினைப்பதில்லை.

ஒல்லாந்தர் வைத்திருந்த ஏடுகளுக்குத் தோம்பு என்று பெயர். இச்சொல்லும் பறங்கிச் சொல்லே. காணித் தோம்பிலே நிலத்தின் பெயரும் பரப்பும் உடையவர் பெயரும் இருந்தன. தலைத் தோம்பிலே தலைவரிக்கும் ஊழியத்துக்கும் உட்பட்டோர் பெயர்கள் இருந்தன. குடிவழி தேடுவோர்க்கு இவ்விரண்டினும் பயன் மிக்கது பள்ளிக்கூடத் தோம்பு. ஒல்லாந்தர் காலத்துக் கோயில் வாரநாளிற் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமையிற் கோயில். சட்டம்பியாரே பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் படிப்பிப்பார். அவரே தோம்பும் எழுதுவார். பாதிரிமார் தொகையிற் சிலரேயாதலின் அவர் ஊர் சுற்றி வரும்போதே ஞானஸ்நானமும் விவாகமும் நடைபெறும். வீடு வீடாகத் தாய் தந்தையர், பிள்ளைகள், ஞானஸ்நான நாள், விவாக நாள் ஆகியன சட்டம்பியார் ஏட்டில் ஏறும். தகப்பன் பெயரோடு தாய் பெயரும், பிள்ளைகள் அனைவரும் ஓரிடத்தில் எழுதப்பட்டிருத்தல் இத்தோம்பின் சிறப்பு.

ஆனால் இத்தோம்பைத் திறந்தவுடன் சைவக் குடும்பத்தில் வந்தவருக்கு ஓர் இடர் தோன்றும். தேடிவந்த பெயர் அங்கே இராது. கதிர்காமர் இருக்கவேண்டிய இடத்திலே பிலிப்பு இருப்பார். வேலாயுதர் இருக்கவேண்டிய இடத்திலே தொன் சுவான் இருப்பார். 'எங்கள் குடும்பம் வேதத்திற் சேர்ந்ததே இல்லை' என்று சொல்லி வளர்ந்தவர் ஏட்டை மூடிவிடுவதும் உண்டு.

அவ்வாறு மூடுதல் ஏட்டின் இயல்பை அறியாமையால் வருவது. ஒல்லாந்தர் ஆட்சியிலே ஞானஸ்நானம் பெறாதவருக்கு உத்தியோகம் இல்லை. கோயிலிற் பதியாத விவாகம் செல்லுபடியாவதில்லை. அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளையின் முதுசவுரிமை வழக்குக்கு இடமாகும். ஆதலாற் காணி உடையவர், அக்காணியைப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பியவர் எவரும், தோம்பிலே பெயர் ஏற்றியே ஆகவேண்டும். 1663 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பகுதியிற் கிறிஸ்தவரெனக் கணக்கிடப்பட்டோர் தொகை 62,000 இற்கு மேற்பட்டது. இத்தொகையிலே உள்ளத்தால் மாறியவர் எத்தனை பேர்? 1795 இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தபின் சட்டக் கட்டாயம் தளர்ந்தது. 1806 இல் இங்கு வந்த கிளோடியஸ் புக்கானன் பாதிரியார், அழகிய பழங்கோயில்கள் பாழடைந்து கிடந்தமையைக் கண்டு எழுதினார். பத்தாண்டளவு கழித்து அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடிபுகுந்தது அவ்வாறு பாழடைந்த கோயில் வளவுகளிலேயே. வினாவுக்கு விடை அவ்விடிந்த சுவர்களிலே கிடக்கின்றது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுப்பியவராகப் போற்றப்படுபவர் இரகுநாத மாப்பாண முதலியார். கச்சேரியிலே உத்தியோகம் பார்த்த அவரது பெயருக்கு முன்னே 'தொன் சுவான்' என்னும் பெயரும் வழங்கியது. முருகனுக்குக் கோயில் எடுத்தவரே தொன் சுவானாக இருந்தாரெனின், ஏனையோர் பிலிப்பாகவும் பஸ்தியானாகவும் இருந்ததில் நாணுதற்கு என்ன இருக்கின்றது? மனம் மாறியே சேர்ந்தோரும் இருந்தனர். அவர் வழியினர் இன்றும் அச்சமயத்தினராய் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களும் நாமும் பல தோம்புகளில் ஒரே பக்கத்திலே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகக் கிடப்போம் என்பதை ஆராய்வோர் எதிர்பார்த்தே செல்லவேண்டும்.

பெயர் பற்றிய இடர் இத்தோடு முடிவதன்று. ஒல்லாந்த எழுத்தர் உகர ஒலியை ஓவும் ஈயும் ஆகிய இரண்டு எழுத்துகளைச் சேர்த்தெழுதிக் காட்டுவர். ஆங்கிலம் படித்த நம்மவர் அதனை ஆங்கில முறையில் வாசித்து, முத்துவை 'மோயெத்தோ' ஆக்கிவிட்டு, இப்படியொரு பெயர் எங்கள் ஊரில் இல்லையே என்று மயங்குவர். வகரமும் ழகரமும் அவர் கையிற் பட்ட பாட்டைத் தனியே எழுதலாம்.

இதனினும் பெரிய மயக்கம் நம்முடைய வழக்கத்தாலேயே வருவது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரே முன்னிற்கும். பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுவோம். பாட்டனைப் 'பேரன்' என்று யாழ்ப்பாணத்தார் அழைப்பதும் இப்பெயருறவு பற்றியே. இதனாற் கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், கந்தர் மகன் வேலர் என்று இரண்டு பெயர்களே நூற்றாண்டு முழுவதும் மாறி மாறி வரும். ஏட்டிலே காணும் வேலர் தாத்தாவா, அவருடைய தாத்தாவா என்று பெயரைக்கொண்டு அறிதல் இயலாது. காணியின் பெயரைப் பற்றிக்கொள்வதே வழி. ஆள் மாறினாலும் வளவு, கலட்டி, தாழ்வு, சீமா, அடைப்பு என முடியும் காணிப் பெயர்கள் எளிதில் மாறுவதில்லை. ஒருவருடைய பெயரால் வழங்கும் வளவு, அவர் சந்ததியார் அவரை மறந்த பின்னும் அவரை மறப்பதில்லை.

காணியைப் பற்றிக்கொண்டு சென்றால் நாம் வந்து சேர்வது உறுதிப் பெட்டகத்துக்கு. மேல்நாட்டிலே மரணசாதனம் செய்யும் வேலையை யாழ்ப்பாணத்திற் செய்தது சீதன உறுதி. காரணம் தேசவழமையில் உளது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்து திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 ஜனவரியில் ஒப்படைத்தார். தமிழிற் பெயர்த்து முதலிமார் பன்னிருவருக்குக் காட்டி, சரியென அவர் ஒப்பிய பின் அது நடைமுறைக்கு வந்தது. 1806 இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றனர். அதன்படி சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படும். தகப்பனுடைய முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வது பழைய முறை. பறங்கியர் காலத்திலே அது மாறத் தொடங்கியதையும் ஐசாக்ஸ் குறித்திருக்கின்றார். சொத்து இன்னாருக்கென வழக்கமே முன்கூட்டி வகுத்து வைத்தமையால், சாகுங்காலத்தில் எழுதி வைக்கவேண்டிய தேவை குறைவு. 1844 ஆம் ஆண்டுச் சட்டம் தம் சொத்தைத் தாம் விரும்பியவாறு எழுதிவைக்கும் உரிமையை எல்லார்க்கும் அளித்த பின்னரே மரணசாதனங்கள் பெருகலாயின. பிள்ளையில்லாதவர் மருமக்களுக்கு எழுதியனவும் கோயிலுக்கு எழுதியனவும் அவற்றுட் சுவை மிக்கவை. மாவட்ட நீதிமன்றத்திலே அவை உறுதிசெய்யப்பட்ட வழக்கேடுகளில் விதவை, பிள்ளைகள், சகோதரர் எனச் சுற்றத்தார் அனைவரும் பெயரோடு வருவர்.

அதற்கு முந்திய காலத்துக்குச் சீதன உறுதியே துணை. இதிலிருந்து ஒரு செய்தி தானே புலப்படும். குடிவழி பேசுவோர் தகப்பன் வழியையே பேசுவர்; ஏடோ தாய்வழியையே நன்றாகக் காட்டும். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு, அவள் மகளுக்கு என இறங்கி வந்தமையால், ஒரு வீட்டின் பழைய உறுதிகளை அடுக்கினால் ஆறேழு தலைமுறைப் பெண்கள் வரிசையாக நிற்பர். அவர்களைக் கலியாணம் செய்து அவ்வீட்டுக்கு வந்த ஆண்கள் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு குடியினர். 'எங்கள் பரம்பரை வீடு' என்று ஆண்மக்கள் மீசை முறுக்கும் வீடு, ஏட்டின்படி மாமியாருடைய வீடு.

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்லாமல் விடுதல் முறையன்று. பங்குக்காணி வழக்கொன்றின் பொருட்டு என் பெரிய தந்தையார் தோம்பிலிருந்து ஒரு பிரதி எடுப்பித்திருந்தார். அதிலே எங்கள் மூதாதையொருவர் ஞானஸ்நானப் பெயரோடு காணப்பட்டார். வழக்கு வென்றது, ஆனால் அப்பிரதியை அவர் எவருக்கும் காட்டவில்லை. திருமுறை ஓதாமல் உண்ணாத அவர்க்கு அது மானக்கேடாகத் தோன்றியது போலும். அவர் காலமான பின் யான் அதனைக் கண்டெடுத்தபோது, அதனோடு ஒரே துணியிற் சுற்றப்பட்டு ஓலையிலெழுதிய சீதன உறுதி ஒன்றும் இருந்தது. அதனையும் அவர் வாசித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. முன்னதை மறைத்த காரணம் எனக்கு உடனே விளங்கியது. பின்னதை மறைத்தார் என்று சொல்வதற்கில்லை. அதனைப் பற்றிப் பேசுதற்கு ஒன்றும் இருப்பதாகவே அவர் எண்ணியிருக்கமாட்டார்.

அவ்வுறுதியிலே மகளுக்குக் கொடுத்தவை வரிசையாக எழுதப்பட்டுள்ளன. முதலிற் காணிகள், எல்லைகளோடும் பரப்பு, குழிக் கணக்கோடும் உள்ளன. இறுதியில் நகைகளும் பாத்திரங்களும். இரண்டிற்கும் நடுவே ஒரு பெண்ணும் அவள் பிள்ளைகள் இருவரும். காணிக்கு நாற்புற எல்லையும் எழுதியவர் அவளுக்குத் தகப்பன் பெயர் எழுதவில்லை. வெறும் பெயர், அவ்வளவே.

இது எங்கள் வீட்டுக்கே உரிய வியப்பன்று. தேசவழமை அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதியே வகுத்து, எந்தெந்தச் சாதியார் அடிமைகள் என்று பெயர் சொல்லிக் கூறுகின்றது. காணியைப் போலவே அவர்களும் சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறினர். ஆங்கிலேயர் 1806 இலும் 1818 இலும் அடிமைகளைப் பதிவு செய்வதற்குச் சட்டங்கள் இயற்றினர். 1816 ஆகஸ்ட் 12 ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் அடிமைப் பிள்ளைகள் சுயாதீனர் என்று அடிமைகளையுடையோர் பலர், நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால் உடன்பட்டனர். மரணசாதனச் சட்டம் வந்த அதே 1844 இலேயே அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது. ஒருசாராருக்குத் தம் சொத்தை விரும்பியவாறு எழுதும் உரிமையும், இன்னொரு சாராருக்குச் சொத்தாக எழுதப்படாதிருக்கும் உரிமையும் ஒரே ஆண்டிற் கிடைத்தன.

அப்பெண்ணின் வழியில் வந்தோர் எங்கள் ஊரிலேயே இருத்தல் கூடும். அவர்கள் தம் முன்னோரைத் தேடுவாராயின் எங்கே தேடுவர்? காணி இல்லாதவருக்குக் காணித் தோம்பில் இடமில்லை. சீதனம் கொடுக்க ஒன்றுமில்லாதவருக்குச் சீதன உறுதி இல்லை. பால்தேயஸ் காலத்துக் கணக்கிலே அடிமைகள் தனித்தொகையாக எண்ணப்பட்டமையால், பள்ளிக்கூடத் தோம்பிற் சிலருடைய ஞானஸ்நானம் கிடைத்தல் கூடும். அடிமைப் பதிவேட்டிலே சிலர் பெயர் கிடைத்தல் கூடும். மற்றெல்லாம் உடையவர் வீட்டுப் பெட்டகத்திலேயே கிடக்கின்றன. எங்கள் குடிவழிக்குச் சான்றாக யாம் காத்துவரும் ஓலையே, அவர்களுடைய குடிவழிக்கும் எஞ்சிய சான்று.

இத்தகைய ஏடுகளிற் பல இன்று இல்லை. கறையானும் ஈரமும் தின்றவை ஒருபுறமாக, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது நூல்களோடு கையெழுத்துச் சுவடிகளும் சாம்பராயின. 1706 இற் கட்டப்பட்ட கோட்டைத் தேவாலயம் போரில் இடிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவிலே, மழையில் நனைந்தவாறு செம்மணி வெளியைக் கடந்தோர் பலர் கையில் எடுத்துச் சென்றது காணி உறுதிப் பையை. எடுக்க மறந்தோர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, உறுதியும் இல்லை. நொத்தாரிசு முடித்த உறுதிக்குக் காணிப் பதிவகத்திலே பிரதி உண்டு. ஓலை உறுதிக்கு அதுவும் இல்லை. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் ஏடுகள் பேணப்பட்டு வருகின்றன. ஆனால் அங்கே செல்வோர் ஊர்ப் பெயரையும் கோயிற்பற்றின் பெயரையும், கூடுமாயின் காணிப் பெயரையும் எழுதிக்கொண்டு செல்லல் வேண்டும். ஆட்பெயரை மாத்திரம் கொண்டு செல்வோர் வெறுங்கையோடு திரும்புவர்.

யான் அவ்வோலையை எழுத்தெழுத்தாகப் படியெடுத்து வைத்திருக்கின்றேன். பெரிய தந்தையார் மறைத்த தோம்புப் பிரதியும் அதனோடு ஒட்டப்பட்டிருக்கின்றது. குறிப்பேட்டின் முற்பகுதியில் எங்கள் வழி. பிற்பகுதியிலே தனிப்பக்கத்தில் அப்பெண்ணின் பெயரும் அவள் பிள்ளைகள் இருவர் பெயரும், உறுதியின் ஆண்டும், காணி கிடந்த கோயிற்பற்றும். அப்பக்கத்தின் கீழே எழுதுதற்கு இடம் விட்டிருக்கின்றேன்.